விட்டுவைத்த வலிமை

இதுவரை உருவான வாகன இன்ஜின்களில் நெடுநாள் உழைத்தது எது, வலிமை மிக்கது எது என்று வாகனப் பிரியர்களைக் கேட்டால், எந்த நாட்டிலும் ஏறத்தாழ அதே சில பெயர்கள்தான் வரும். மெர்சிடிஸ் பென்ஸ் 1974-இல் வெளியிட்ட ஓஎம் 617 என்ற ஐந்து சிலிண்டர் டீசல். அமெரிக்காவின் கம்மின்ஸ் நிறுவனம் உருவாக்கிய 6பிடி என்ற 5.9 லிட்டர் டீசல். டொயோட்டா 1991-இல் கொண்டுவந்த 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற பெட்ரோல் இன்ஜின். முதலாவது டாக்சிகளில் பேர் வாங்கியது, இரண்டாவது வயலிலும் லாரியிலும், மூன்றாவது வேகக் கார்களில். இவற்றின் பெருமைக்குக் காரணம் கேட்டால், ஜெர்மானிய நேர்த்தி, ஜப்பானிய ஒழுங்கு, ‘அந்தக் காலத்து இரும்பு’ என்று பலவிதமாகப் பதில் வரும். இவை எதுவும் முழு விளக்கமாகாது. எரிபொருளிலும் பிறந்த நாட்டிலும் பயன்பாட்டிலும் வேறுபட்ட இந்த மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. தம்மால் முடிந்ததைவிட மிகக் குறைவான வேலையே இவற்றிடம் கேட்கப்பட்டது. முடிந்ததற்கும் கேட்கப்பட்டதற்கும் இடையே பொறியாளர்கள் விட்டுவைத்த அந்த இடைவெளியிலிருந்துதான் இவற்றின் ஆயுளும் வந்தது, வலிமையும் வந்தது. இன்றைய வாகனத் தொழில் அந்த இடைவெளியை, வாங்குபவருக்குத் தெரியாமலேயே சுருக்கி வருகிறது. அதை மீட்டாக வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். ஓஎம் 617-இன் கொள்ளளவு 3 லிட்டர். முதலில் விற்பனைக்கு வந்தபோது அதன் திறன் வெறும் 80 குதிரைத்திறன். லிட்டருக்குச் சுமார் 27. இன்றைய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் 100-க்கு மேல் தருகின்றன. இவ்வளவு குறைந்த திறனுக்காக மெர்சிடிஸ் செய்த ஏற்பாடுகளோ பெரியவை. வார்ப்பிரும்பு பிளாக், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரு பக்கமும் தாங்கல் கிடைக்கும்படி ஆறு மெயின் பேரிங்குகள், இரட்டை வரிசை டைமிங் செயின், வழக்கமான வடிகட்டலோடு நுண்ணிய அழுக்கையும் தனியே பிடிக்கும் இரட்டை ஆயில் ஃபில்டர். இந்தக் கட்டுமானம் எவ்வளவு தாங்கும் என்பதை அந்நிறுவனமே 1976-இல் உலகுக்குக் காட்டியது. இத்தாலியின் நார்தோ ஓடுதளத்தில், இதே இன்ஜினுக்கு டர்போ பொருத்தி 190 குதிரைத்திறன் வரை உயர்த்தி, சி111 என்ற சோதனைக் காரில் இரவு பகலாக ஓட்டினார்கள். சராசரியாக மணிக்கு 250 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் 16 உலக சாதனைகள் பதிவாயின. 190 தாங்கும் வடிவமைப்பை 80-க்கு விற்றார்கள். 1978-இல் டர்போ பொருத்திய 300 எஸ்டி கார் வந்தபோதுகூட, பிஸ்டன்களின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் அமைப்பையும், வெப்பத்தைக் கடத்த சோடியம் நிரப்பிய எக்ஸாஸ்ட் வால்வுகளையும் சேர்த்துவிட்டு, திறனை ஏறத்தாழ 115-க்குள் நிறுத்திக்கொண்டார்கள்.

கம்மின்ஸ் 6பிடியின் கதையும் இதுதான். 1980-களின் நடுவில் முதலில் விவசாய இயந்திரங்களுக்காக வந்த இந்த இன்ஜின், 1989-இல் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டியில் ஏறியது. ஏறத்தாழ 500 கிலோ எடை. டைமிங்குக்கு பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை. பல்சக்கரங்கள் நேரடியாகப் பொருந்திச் சுழல்கின்றன. கொள்ளளவு 5.9 லிட்டர், திறன் 160. வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு அதே 27. அமெரிக்க பிக்கப் பிரியர்கள் பிற்பாடு டீசல் பம்பையும் டர்போவையும் மாற்றி இந்தத் திறனை இரட்டிப்பாக்கினார்கள், அதற்கும் மேலே போனார்கள். அவர்கள் தேடிப் பிடித்து வாங்கும் இந்த இன்ஜின் நமக்கு அந்நியமானதல்ல. 1993-இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனம் ஜம்ஷெட்பூரில் இதே வரிசை இன்ஜின்களைத் தயாரித்தது. டாடா லாரிகளில் ஏறி அவை நாடெங்கும் ஓடின. அங்கே ஆர்வலரின் பெருமையாக இருப்பது, இங்கே நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிக்காரரின் பிழைப்பாக இருந்தது. இரண்டு இடத்திலும் கைகொடுத்தது வடிவமைப்பில் விடப்பட்ட அதே இருப்புதான்.

மூன்றாவது எடுத்துக்காட்டு, வலிமைக்குப் பேர்போனது. 2ஜேஇசட்-ஜிடிஇ ஒரு 3 லிட்டர் இன்ஜின். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், இரண்டு டர்போ, வார்ப்பிரும்பு பிளாக், வார்த்தெடுக்காமல் அடித்து உருவாக்கிய எஃகு கிராங்க் ஷாஃப்ட், ஏழு மெயின் பேரிங்குகள். ஆறு சிலிண்டர்களை வரிசையாக வைக்கும்போது பிஸ்டன்களின் உதறல் ஒன்றையொன்று இயல்பாகவே சமன் செய்துகொள்வதால் பேரிங்குகளின் மீது விழும் தொல்லையும் குறைகிறது. 1989 முதல் 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள், உள்நாட்டில் விற்கும் கார்களின் திறனை 280-க்கு மேல் அறிவிப்பதில்லை என்று தமக்குள் ஒப்புக்கொண்டிருந்தன. டொயோட்டா அந்த வரம்புக்குள் நின்றது. ஆனால் வரம்பு 280 என்பதற்காக இன்ஜினை 280-க்கு அளவெடுத்துத் தைக்கவில்லை. அதனால்தான் இந்த இன்ஜின் பொருத்திய சுப்ரா காரை வாங்கிய ஆர்வலர்கள், பிளாக்கையும் கிராங்கையும் தொடாமலே, பெரிய டர்போவும் எரிபொருள் அமைப்பும் மாற்றி 600 குதிரைத்திறனைத் தொட்டார்கள். பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பலப்படுத்தியவர்கள் 1,000-ஐத் தாண்டினார்கள்.

இங்கேதான் ஆயுளும் வலிமையும் தனித்தனிக் குணங்கள் என்ற எண்ணம் தவறிப்போகிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒரே சிலிண்டரில் ஒரு மணி நேரத்தில் 90,000 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டன், ராட், பேரிங், கிராங்க் எல்லாம் அந்த அடியை வாங்குகின்றன. இப்படித் திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் சோர்ந்து விரிசல் விடுவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளில் ஆராய்ந்து காட்டினார். சுமையைச் சிறிது குறைத்தாலே உலோகம் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடுகிறது; எஃகு ஓர் எல்லைக்குக் கீழே ஏறத்தாழ எண்ணற்ற சுற்றுகளைத் தாங்கிவிடுகிறது. ஆகவே, விட்டுவைத்த இருப்பை உரிமையாளர் இரண்டு விதமாகச் செலவிடலாம். தொடாமல் வைத்திருந்தால் அது ஆண்டுகளாக மாறும். எடுத்தால் குதிரைத்திறனாக மாறும். இரண்டு முறை செலவிட முடியாது. 1,000 குதிரைத்திறனுக்கு முறுக்கிய சுப்ராவை அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதும், 80-இல் அமைதியாக ஓடிய டீசல் தலைமுறை தாண்டி நிற்பதும் ஒரே விதியின் இரு முகங்கள். இருப்பை விற்பனைக்கு முன்பே தொழிற்சாலை செலவழித்துவிடுவது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம். அதன்பின் உரிமையாளருக்கு இந்த இரண்டு வழிகளுமே இல்லை.

வடிவமைப்பு பாதி என்றால் பராமரிப்பு மறுபாதி. உலகின் மிக அதிக தூரம் ஓடிய கார்களின் வரலாறு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் இர்வ் கார்டன், 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைல், அதாவது ஏறத்தாழ 48 லட்சம் கி.மீ. ஓட்டி முடித்து, கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். அந்த 1.8 லிட்டர் இன்ஜின் சுமார் 11 லட்சம் கி.மீ. ஓடிய பிறகே முதன்முறை இறக்கிப் புதுப்பிக்கப்பட்டது. அவர் சொன்ன ரகசியம் எல்லாருக்கும் தெரிந்ததே: உரிய காலத்தில் ஆயில் மாற்றுவது, தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றுவது. கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவரின் 1976-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 240டி கார் 46 லட்சம் கி.மீ. ஓடியதும், 2004-இல் அவர் அதை நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்ததும் பிரியர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. அதில் பலர் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்தக் காரில் இன்ஜின் பல முறை கழற்றப்பட்டு, மாற்றப்பட்டு, சரிசெய்யப்பட்டு மீண்டும் ஏறியது. சாதனையின் மதிப்பை இது குறைக்கவில்லை. அதன் உண்மையான பொருளைக் காட்டுகிறது. கழற்ற முடிந்தது, பாகம் கிடைத்தது, சாதாரணப் பட்டறையில் வேலை தெரிந்த கை இருந்தது. இம்மூன்றும் இல்லையென்றால் 46 லட்சம் என்ற எண் பிறந்திருக்காது.

இப்போது இன்றைய நிலைக்கு வருவோம். ஐரோப்பாவில் கார்பன் வரம்புகள் இறுகியதும், ஆய்வுக்கூட மைலேஜ் எண்ணே சந்தையைத் தீர்மானிக்கத் தொடங்கியதும், நிறுவனங்கள் இன்ஜினைச் சிறிதாக்கி டர்போவால் திறனைப் பிழிந்தெடுக்கும் வழிக்குத் திரும்பின. உராய்வைச் சில சதவீதம் குறைப்பதற்காக, டைமிங் பெல்ட் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் அமைப்பு பரவியது. ஃபோர்டின் 1 லிட்டர் எக்கோபூஸ்ட் இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிறிய அளவில் பெரிய திறன் தந்து உலக விருதுகளை வென்ற இன்ஜின் அது. மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட் காரிலும் வந்தது. அந்த வரிசையில் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட் பழுதானால் இன்ஜின் ஆயில் அழுத்தத்தை இழக்கும் ஆபத்து இருந்ததால், 2023-இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஸ்டெல்லாண்டிஸ் குழுமத்தின் 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினிலும் நனைந்த பெல்ட் சிதைந்து தொல்லை தந்ததால், ஐரோப்பாவில் 10 ஆண்டு, 1,75,000 கி.மீ. வரை அந்நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. இவற்றை வடிவமைத்தவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களிடம் வைக்கப்பட்ட கேள்வி மாறிவிட்டது. முன்பு, இது எவ்வளவு காலம் ஓடும் என்று கேட்டார்கள். இப்போது, உத்தரவாதக் காலத்துக்குள் எவ்வளவு திறனையும் மைலேஜையும் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிழைத்து நிற்கும் பழைய இன்ஜின்களை மட்டும் பார்த்துப் பழையவை எல்லாம் பலமானவை என்று முடிவு கட்டுகிறீர்கள்; உடைந்து காயலான் கடைக்குப் போனவற்றை யார் எண்ணினார்கள் என்பதே அது. நியாயமான கேள்வி. அதோடு, லட்சக்கணக்கான கிலோமீட்டர் சாதனைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடியவை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் தருணத்தில்தான் தேய்மானம் அதிகம். நாள் முழுக்கச் சூடாக ஓடும் டாக்சிக்கு அந்தத் தொல்லை குறைவு. உலோகவியல், ஆயில், இயந்திரத் துல்லியம் எல்லாம் வளர்ந்துவிட்டதால், சராசரியான இன்றைய இன்ஜின் சராசரியான 1960-களின் இன்ஜினைவிட நெடுநாள் உழைக்கிறது என்பதும் உண்மை. ஆனால் இந்த உண்மைகள் என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. ஆயுளுக்குக் காரணம் பழமை இல்லை, இருப்பு என்பதே நான் சொல்வது. டொயோட்டா டண்ட்ரா என்ற 2007-ஆம் ஆண்டு பிக்கப்பின் வி8 இன்ஜின் அந்தப் பழைய தலைமுறையைச் சேர்ந்ததல்ல. அமெரிக்காவில் ஒருவர் அதை 10 ஆண்டுக்குள் 10 லட்சம் மைல் ஓட்டினார்; டொயோட்டா அந்த வண்டியைத் திரும்பப் பெற்றுப் பிரித்து ஆராய்ந்தது. பெரிய கொள்ளளவோடு நிதானமாக இயங்கிய இன்ஜின் அது. புதிய தொழில்நுட்பத்தோடு பழைய நிதானமும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது மறுப்பு புகையைப் பற்றியது. பழைய டீசல்களைப் போற்றுவது நகரத்தின் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம் என்பார்கள். இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இந்தியாவில் பிஎஸ் 4 புகைத் தரத்திலிருந்து பிஎஸ் 6-க்கு மாறியபோது டீசல் கார்களின் நுண்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. அது நமக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஓஎம் 617 மீண்டும் சென்னைத் தெருவில் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நுண்துகள் ஃபில்டரும் வினையூக்கியும் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பாதையில், பிளாக்குக்கு வெளியே பொருத்தப்படுபவை. அவற்றைப் பொருத்துவதற்காக பேரிங்கை மெலிதாக்க வேண்டியதில்லை, பெல்ட்டை ஆயிலில் நனைக்க வேண்டியதில்லை. மேலும், ஒரு காரைத் தயாரிக்க எஃகும் அலுமினியமும் ரப்பரும் மின்சாரமும் செலவாகின்றன. அந்தச் செலவு 8 ஆண்டுகளில் பங்கிடப்படுவதும் 25 ஆண்டுகளில் பங்கிடப்படுவதும் ஒன்றாகிவிடாது. குறைந்த புகையும் நீண்ட ஆயுளும் சேர்ந்திருந்தால்தான் சூழலுக்கு முழு நன்மை.

மூன்றாவதாக, இருப்பு விட்டால் மைலேஜ் போய்விடும் என்பார்கள். பெரிய இன்ஜின் அதிகம் குடிக்கும் என்பது நெடுங்காலம் சரியாகவே இருந்தது. ஆனால் அதை உடைத்துக் காட்டியதும் ஓர் இன்ஜின்தான். டொயோட்டா 2003-இல் கொண்டுவந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ் காரின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ இல்லாமல், அட்கின்சன் என்ற எரிபொருள் சிக்கன முறையில் வெறும் 76 குதிரைத்திறன்தான் தந்தது. தேவைப்படும் கூடுதல் இழுவையை மின்மோட்டார் பார்த்துக்கொண்டது. உலகின் பல நகரங்களில் டாக்சி ஓட்டுநர்கள் அதைத் தேர்ந்தெடுத்தது மைலேஜுக்காக. கைவிடாமல் வைத்துக்கொண்டது உழைப்புக்காக. இன்று இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டின் 1.5 லிட்டர் இன்ஜினும் 92 குதிரைத்திறனோடு அதே வழியில் நடக்கிறது. அது தரும் மைலேஜ் அதே அளவுள்ள டர்போ கார்களைவிட அதிகம். சிக்கனத்துக்காக இன்ஜினைப் பிழிந்தே ஆக வேண்டும் என்ற கூற்றுக்கு இதைவிட நேரான பதில் தேவையில்லை.

கடைசியாக, மின்சார வாகனம் வந்தபின் இன்ஜினின் ஆயுளைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். மின்மோட்டாரில் தேய்வதற்கு அதிகம் இல்லை என்பது சரி. ஆனால் பேட்டரி தேயும்; அதுவும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. முழுக் கொள்ளளவையும் தினமும் பயன்படுத்தாமல் மேலும் கீழும் இடம் விட்டு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தி வைத்தால் பேட்டரி நெடுநாள் வரும். 2010-இல் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தனிக் குளிர்விப்பு அமைப்பு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் இரண்டே ஆண்டுகளில் பல கார்களின் பேட்டரி கொள்ளளவு குறைந்து உரிமையாளர்கள் தவித்தார்கள். மதுரைக்கும் வேலூருக்கும் இதில் பாடம் உண்டு. எரிப்பது பெட்ரோலானாலும் பாய்வது மின்சாரமானாலும், எல்லைக்குள் எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது, பழுதானால் பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளும் அப்படியேதான் இருக்கும்.

எனவே, ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகத் தம் கைப்பட அறிந்ததைப் பொதுவான உரிமையாக மாற்ற வேண்டிய நேரம் இது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு இறுதியில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வாகனத் துறையும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம்; ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் தகவல் தரலாம் என்ற அளவில் அது நின்றுவிடக் கூடாது. ஒரு மாடலின் விற்பனை முடிந்தபின் எத்தனை ஆண்டுகள் பாகங்கள் கிடைக்கும் என்பதை விற்கும்போதே எழுத்தில் தர வேண்டும். சர்வீஸ் கையேடும் பழுது கண்டறியும் மென்பொருளும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும். சிலிண்டரை ரீபோர் செய்ய முடியுமா, பெல்ட்டை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்பவை மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்திலேயே விளம்பரத்தில் இடம்பெற வேண்டும். வாகனத்தின் ஓய்வையும் பிறந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், புகையையும் பாதுகாப்பையும் சோதித்து முடிவு செய்ய வேண்டும். நன்றாகப் பேணியவருக்கும் பாழாக்கியவருக்கும் ஒரே தண்டனை விதித்தால் பேணுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

வாங்குபவரின் கையிலும் ஒரு பங்கு இருக்கிறது. கடன் வாங்கி டாக்சி எடுப்பவருக்கும், சிறு லாரி வைத்துப் பிழைப்பவருக்கும், வாழ்நாளில் ஒரே ஒரு கார் வாங்கும் குடும்பத்துக்கும், இன்ஜினின் ஆயுள் பொழுதுபோக்குச் செய்தி ஆகாது; தவணை முடிந்தபின் கையில் சொத்து மிஞ்சுமா, சுமை மிஞ்சுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஷோரூமில் திரையின் அளவையும் உச்சத் திறனையும் கேட்பதற்கு முன், இந்த இன்ஜின் அதே திறனை எத்தனை லிட்டரிலிருந்து எடுக்கிறது, இதை என் ஊர்ப் பட்டறையில் இறக்கி ஏற்ற முடியுமா என்று கேட்கலாம். போதுமான பேர் கேட்டால் நிறுவனங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். நெடுநாள் உழைக்கும் இன்ஜினை வடிவமைக்கும் அறிவு எங்கும் தொலைந்துவிடவில்லை. அதைக் கேட்டு வாங்கும் சந்தையையும் அதைக் காக்கும் சட்டத்தையும் உருவாக்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை.